தெருவை அளப்பது யாருக்காக? நியாயமான நகரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பிளாட்பாரத்தின் அகலத்தை டேப் பிடித்து அளந்துகொண்டு நின்றால் அரை மணி நேரத்துக்குள் நாலு பேராவது வந்து கேட்பார்கள்: "என்ன சார், ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களா?" பூ விற்கிற அம்மா இன்னும் நேராகக் கேட்பார்: "எங்களைக் காலி பண்ணத்தானே தம்பி எழுதிட்டுப் போற?" அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அளவெடுக்க ஆள் வந்தால் பின்னாலேயே ஜே.சி.பி. வந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். அப்படித் தெருவில் கேட்கப்பட்டவற்றையும், மாணவர்களும் குடியிருப்போர் சங்கத்தினரும் கூட்டங்களில் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சென்னை உதாரணங்கள் அதிகம் இருக்கும். நான் தினமும் நடக்கிற ஊர் அது.

நகர வடிவமைப்பு ஆய்வு என்றால் என்ன? மாஸ்டர் பிளான் போடுவதும் இதுவும் ஒன்றா?

எந்த நிலத்தில் வீடு வரலாம், எங்கே தொழிற்சாலை வரலாம், எந்தச் சாலை எத்தனை அடி என்று வரைபடத்தில் தீர்மானிப்பது மாஸ்டர் பிளான். சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-ல் வந்தது. வடிவமைப்பு என்பது காலடியில் நடக்கிற விஷயம். பிளாட்பாரம் எவ்வளவு உயரம், பஸ் ஸ்டாப்பில் மதியம் நிழல் விழுகிறதா, ஒரு பாட்டி சாலையைக் கடந்து முடிக்கும் வரை சிக்னல் பொறுக்கிறதா என்பவை அதில் அடங்கும். இவை மனிதர்களை என்ன செய்கின்றன என்று பார்த்து, எண்ணி, அளந்து, கேட்டு எழுதுவதுதான் ஆய்வு.

ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். 1969-ல் டொனால்ட் ஆப்பிள்யார்டு என்ற பேராசிரியர் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்க, ஓடுகிற வண்டிகளின் எண்ணிக்கை மட்டும் வேறு. நாளுக்குச் சுமார் 2,000 வண்டிகள் போன தெருவில் ஒருவருக்குத் தன் தெருவிலேயே சராசரியாக 3 நண்பர்கள் இருந்தார்கள்; தெரிந்தவர்கள் 6.3 பேர். சுமார் 16,000 வண்டிகள் போன தெருவில் நண்பர்கள் 0.9, தெரிந்தவர்கள் 3.1. வண்டி பெருத்தால் திண்ணைப் பேச்சு செத்துப்போகும் என்று நம் பெரியவர்களுக்கு எந்த ஆய்வும் இல்லாமலே தெரியும். ஆனால் மேம்பாலம் கட்ட வருகிற பொறியாளரிடம் திண்ணைப் பேச்சைப் பற்றிச் சொன்னால் எழுதிக்கொள்ள மாட்டார். மூன்று நண்பர்கள் இருந்த இடத்தில் ஒருவர்கூட முழுசாக மிஞ்சவில்லை, சராசரி 0.9தான் என்று கணக்கோடு சொன்னால் கோப்பில் ஏற்றித்தான் ஆகவேண்டும்.

போக்குவரத்துக் கணக்கெடுப்பு ஏற்கெனவே நடக்கிறதே, அது போதாதா?

அது வண்டிகளை எண்ணுகிறது. அதுவும் காரை அளவுகோலாக வைத்து. கார் என்றால் 1. மற்ற வண்டியெல்லாம் அதன் மடங்கு அல்லது பின்னம். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு வரும் பஸ், அந்தக் கணக்கில் இரண்டு மூன்று கார்தான். நடந்து போகிறவருக்கு அங்கே எண்ணே கிடையாது.

எண்ணுகிற நேரமும் பிரச்சினைதான். அலுவலகம் போய்வருகிற காலையும் மாலையும்தான் 'பீக் அவர்'. காலையில் பேரப்பிள்ளையை அங்கன்வாடியில் விட்டு, அப்படியே ரேஷன் கடையில் கார்டை வரிசையில் வைத்து, இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, மதியம் கீரை வாங்கிக்கொண்டு திரும்புகிற பெண் ஒரு நாளில் ஐந்தாறு பயணம் செய்கிறார். எல்லாம் குறுகிய தூரம், பெரும்பாலும் நடை, அதிகமும் பீக் அவருக்கு வெளியே. சாலையின் அகலம், சிக்னலின் நேரம், பஸ்ஸின் வழித்தடம் எல்லாம் இவர் இல்லாத கணக்கிலிருந்து பிறக்கின்றன. யாரும் வேண்டுமென்று இவரை விலக்கவில்லை. எண்ணுகிற தாளில் இவருக்கு ஒரு கட்டம் போடவில்லை, அவ்வளவுதான். நியாயமான நகரம் பற்றிய பேச்சில் எனக்கு முதன்மையாகப் படுவது இந்தக் கட்டம்தான்.

அப்படி ஒரு கட்டம் போட்டு எண்ணிப் பார்த்த ஊர் எது?

வியன்னா. 1991-ல் ஏவா கைல், யூட்டா கிளைடோர்ஃபர் என்ற இரண்டு பேர் அங்கே ஒரு புகைப்படக் கண்காட்சி வைத்தார்கள். பொது இடம் யாருக்குச் சொந்தம் என்பதுதான் அதன் கேள்வி. எட்டுப் பெண்களின் ஒரு நாள் நடமாட்டம் படங்களாக இருந்தது. புள்ளிவிவரமும் கூடவே வெளிவந்தது: காரில் நடக்கும் பயணங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்களுடையது, நடைப்பயணங்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்களுடையது. அப்படியானால் சாலைக்குச் செலவழித்து நடைபாதைக்கு ஒதுக்காமல் விடுவது யாருக்குக் கொடுத்து யாரிடமிருந்து எடுப்பது? அடுத்த ஆண்டே மாநகராட்சியில் பெண்களுக்கான அலுவலகம் திறக்கப்பட்டது.

அதன்பின் வந்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது பூங்கா ஆய்வு. 1990-களின் நடுவில் வியன்னாப் பூங்காக்களைக் கவனித்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். ஒன்பது பத்து வயதைத் தாண்டியதும் பெண் பிள்ளைகள் பூங்காவிலிருந்து காணாமல் போகிறார்கள், பையன்கள் தொடர்ந்து வருகிறார்கள். காரணம் தேடினால், நடுவில் ஒரே ஒரு பெரிய பந்து மைதானம், கம்பி வேலி, ஒற்றை வாசல். வாசலில் நாலு பையன்கள் நின்றால் உள்ளே போக மனம் வராது. 1999-ல் மார்கரெட்டன் பகுதியில் இரண்டு பூங்காக்களை மாற்றினார்கள். வாசல்கள் கூடின. வாலிபாலுக்கும் பாட்மின்டனுக்கும் இடம் வந்தது. ஒரே திடலாக இருந்ததைச் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், ஏற்கெனவே வந்துகொண்டிருந்த பையன்களும் போய்விடவில்லை. யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை, காவல் போடவில்லை. வேலியில் வாசல் வைத்தார்கள்.

நம் மாநகராட்சித் திடல் ஒன்றில் மாலை ஐந்து மணிக்குப் போய் நில்லுங்கள். நாலு கிரிக்கெட் ஆட்டம் ஒன்றின்மேல் ஒன்றாக நடக்கும். பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நான் எண்ணிய நாட்களில் ஒரு கை விரல்கள் போதுமாக இருந்தன.

வியன்னா பணக்கார ஊர். நம் நிலைமைக்கு ஒத்துவருமா?

பூங்கா வேலிக்கு வாசல் வைக்கப் பணக்கார ஊர் வேண்டாம். ஆனால் கேள்வி நியாயமானது என்பதால் கொலம்பியாவின் மெடெயின் நகரத்தைச் சொல்கிறேன். போதைக் கும்பல்களின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பெயர்போன ஊர். ஏழைகள் மலைச்சரிவுகளில் குடிசை போட்டிருந்தார்கள். கீழே வேலைக்கு வந்துபோவதே பெரும்பாடு. 2004-ல் மெட்ரோ ரயிலோடு இணைத்து அந்தச் சரிவுக்குக் கேபிள் கார் போட்டார்கள். சுற்றுலாவுக்கு விடுகிற கம்பிவடத்தைத் தினசரிப் போக்குவரத்தாக மாற்றினார்கள் என்று சொல்லலாம். கூடவே நூலகம், படிக்கட்டு, தெருவிளக்கு, பூங்கா. 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, கேபிள் கார் வந்த பகுதிகளையும் அதேபோன்ற மற்றப் பகுதிகளையும் ஒப்பிட்டது. ஊர் முழுவதும் கொலைகள் குறைந்த காலம்தான் அது. ஆனால் கேபிள் கார் வந்த பகுதிகளில் அந்தக் குறைவு 66 சதவீதம் அதிகமாக இருந்தது.

சென்னையில் நடைபாதைக்கு விதி இல்லையா?

இருக்கிறது, நல்ல விதியே இருக்கிறது. சாலைகளுக்குத் தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதலில் நடக்கத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகக்கூடாது. 2014-ல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் முன்வைத்து ஒரு போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் நகரம் இதுதான். போக்குவரத்துக்கான செலவில் குறைந்தது 60 சதவீதம் இவர்களுக்குப் போகவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.

தெருவில் நின்று பார்த்தால் தெரிவது வேறு. 1.8 மீட்டர் அகலமுள்ள பிளாட்பாரத்தின் நடுவில் ஈ.பி. பெட்டி. அதைத் தாண்டினால் டிரான்ஸ்ஃபார்மர். அடுத்து ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் கார் ஏற ஒரு சரிவு, அதனால் பிளாட்பாரம் பத்தடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். காலில் வலி உள்ளவருக்கு அது மாடிப்படிக்குச் சமம். என் அம்மாவுக்கு மூட்டுவலி. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நானூறு மீட்டர். அந்தத் தூரத்தில் அம்மா பதினேழு முறை சாலையில் இறங்கி ஏறவேண்டியிருந்ததை ஒருநாள் கூடவே நடந்து எண்ணினேன். அதன்பிறகுதான் அவர் ஏன் கோயிலுக்குப் போவதை விட்டார் என்று எனக்குப் புரிந்தது. அதுவரை வயதாகிவிட்டது, ஆர்வம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாண்டி பஜார் மாதிரி எல்லாத் தெருவையும் மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா?

2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம் முக்கியமான முயற்சி. கார் நிறுத்திய இடத்தை எடுத்து மனிதர்களுக்குக் கொடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பேச்சு அங்கே பொய்யானது. சாயங்காலம் குழந்தைகள் ஓடுவதையும், முதியவர்கள் உட்கார்ந்து பேசுவதையும் பார்க்க மனம் நிறையும்.

ஆனால் அந்தத் தெருவுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த பிளாட்பாரக் கடைக்காரர்கள் 2013-லேயே மாநகராட்சிக் கட்டடம் ஒன்றுக்குள் மாற்றப்பட்டிருந்தார்கள். வளையலும் ஹேர்பின்னும் நடந்துபோகிற கண்ணில் பட்டால் விற்கும், மாடி ஏறி வந்து வாங்குகிறவர் குறைவு. 2014-ல் நாடாளுமன்றம் இயற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, எந்த இடத்தில் கடை போடலாம் என்று சொல்லும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நடப்பவருக்கும் விற்பவருக்கும் சண்டை என்று பேசுவது எனக்கு ஒப்புதல் இல்லை. மூன்று மீட்டர் பிளாட்பாரத்தில் 1.8 மீட்டரை நடக்க விட்டால் மீதியில் பூக்கடை தாராளமாக இருக்கும். இடம் போதாததற்குப் பெரும்பாலும் காரணம், பக்கத்தில் இலவசமாக நிற்கிற கார்.

குடிசைவாசிகளுக்கு அரசு கட்டிக்கொடுத்த கண்ணகி நகர், பெரும்பாக்கம் வீடுகள் கான்கிரீட் வீடுகள்தானே? குடிசையைவிட மேல் இல்லையா?

இந்தக் கேள்வியை நல்ல மனதுள்ளவர்கள்தான் கேட்கிறார்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்ற அண்ணாவின் வாக்கைத் தன் முழக்கமாக வைத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் கட்டிய அடுக்குமாடிகள் பல, குடிசைகள் இருந்த இடத்திலேயே, நகரத்துக்குள்ளேயே கட்டப்பட்டவை. 1971-ல் வந்த சட்டம் குடிசைப் பகுதிகளை முறைப்படி அறிவித்து அங்கேயே மேம்படுத்தவும் வழி செய்தது. அந்த ஆண்டு 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-ல் மேலும் 17. அதன்பின் பல பத்தாண்டுகள் பட்டியல் நீளவே இல்லை. பட்டியலில் இல்லாத இடத்தில் குடியிருப்பவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை.

2000-ஐ ஒட்டிக் காற்று திசை மாறியது. கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்கள் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டார்கள். நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரியில் 6,764 வீடுகள். பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றோரம் இருந்த பல குடும்பங்கள் அங்கே போயின. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொண்டுபோய் விட்ட இடமோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரம். செம்மஞ்சேரியில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்பது யாருக்கும் புதிய செய்தி கிடையாது.

வீடு என்பதை நாலு சுவராக மட்டும் எண்ணினால் அரசு கொடுத்தது குடிசையைவிட மேல்தான். ஆனால் மயிலாப்பூரில் மூன்று வீட்டில் வேலை செய்த பெண்ணுக்கு, நடந்துபோகிற தூரத்தில் இருந்த சம்பளமும் வீட்டின் ஒரு பகுதி. பள்ளிக்கூடம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரி, மாதக் கடைசியில் கடன் தரும் அண்ணாச்சி கடை எல்லாம் அதில் சேரும். மறுகுடியமர்வுப் பகுதிகளில் ஆய்வு செய்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதுவது இதைத்தான்: முதலில் பெண்களின் வேலை போகிறது, பிறகு பிள்ளைகளின் படிப்பு. எட்டாவது மாடியிலிருந்து தெருவில் தள்ளுவண்டி போட முடியாது. வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. 'வாழ்விடம்' என்பது நல்ல சொல். வாழ்கிற இடம் என்றால் வேலையும் அதில் இருக்கவேண்டும்.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து இதில் உதவவில்லையா?

நிச்சயம் உதவியது. 2021 மே மாதம் தொடங்கிய இந்தத் திட்டத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கண்டது. வீட்டு வேலை செய்கிறவருக்கு அது பெரிய தொகை. இனி பார்க்கவேண்டியது பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, படி எவ்வளவு உயரம் என்பது. சென்னையில் 2024-ல் 58 தாழ்தளப் பேருந்துகள் விடப்பட்டன. மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் நின்ற பிறகு கிடைத்தவை.

சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தானே? அவர்களுக்காக இவ்வளவு செலவா?

தெருவில் கொஞ்சம் பேர் தெரிவதற்குக் காரணம் தெருதான். வர முடியாதவரை வரவில்லை என்று எண்ணக்கூடாது. 2022 நவம்பர் 27 அன்று மெரினாவில் கடலுக்கு அருகில் போய்வர 263 மீட்டர் மரப்பாதை திறந்தார்கள். அந்தக் கடற்கரை நகரத்திலேயே பிறந்து வளர்ந்து, முதல்முறையாக அலையைப் பக்கத்தில் பார்த்தவர்கள் அன்று அழுதார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது, பிறகு சரிசெய்தார்கள். போட்ட பாதையில் யார் யார் போனார்கள் என்று பாருங்கள்: கைத்தடி வைத்த தாத்தாக்கள், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்த தாய்மார்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இவை சலுகையே கிடையாது, உரிமை.

பெண்களின் பாதுகாப்புக்கு சிசிடிவி போதாதா?

கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். மும்பையில் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் சில ஆண்டுகள் ஆய்வு செய்து 2011-ல் புத்தகமாக்கினார்கள். பொது இடத்தில் ஒரு பெண் சும்மா நிற்க முடியாது, ஏதோ வேலையாகப் போவதுபோல் காட்டிக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். டீக்கடை வாசலில் ஓர் ஆண் ஒரு மணி நேரம் நின்றால் யாரும் கேட்பதில்லை. சுத்தமான கழிப்பறை, ராத்திரி பத்து மணிக்கும் திறந்திருக்கும் இட்லிக் கடை, உட்கார ஒரு திண்டு, மரக்கிளை மறைக்காத விளக்கு. பெண்களைக் கேட்டால் முதலில் வருகிற பதில்கள் இவைதான்.

இந்த ஆய்வுகளே ஏழைகளுக்கு எதிராகத் திரும்பாதா?

திரும்பும், திரும்பியிருக்கிறது. அமெரிக்காவில் 1930-களில் அரசு நிறுவனம் ஒன்று நகரங்களை ஆராய்ந்து, கடன் கொடுக்க ஆபத்தான பகுதிகள் என்று சிவப்பு வண்ணம் தீட்டியது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பாயின. 2020-ல் 108 நகரங்களின் கோடை வெப்பத்தை அந்தப் பழைய வரைபடங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். சிவப்பு அடித்த பகுதிகள் மற்றவற்றைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் சூடு அதிகம். மரம் நடாத தெருக்கள் இன்றைக்கும் அப்படியே கொதிக்கின்றன.

சென்னையில் நல்ல முன்மாதிரியும் உண்டு. 2010-ஐ ஒட்டி 'ட்ரான்ஸ்பரன்ட் சென்னை' என்ற ஆய்வுக் குழு பொதுக் கழிப்பறைகளையும் குடிசைப் பகுதிகளையும் மக்களோடு சேர்ந்து வரைபடமாக்கியது. குடிசைப் பகுதிகளின் பட்டியல் 1985-க்குப் பின் நின்றுபோன கதை பரவலாகத் தெரியவந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தொடங்கிய நித்யா ராமன் 2020-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் குடிசைகளை வரைபடமாக்குவது கத்தி மாதிரி. இடிக்க வருகிறவருக்கும் அதே வரைபடம் வழி காட்டும். அதனால் எதை வெளியிடலாம் என்று அங்கே குடியிருப்பவர்கள் சொல்லவேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எங்கள் தெருவில் நாங்களே தொடங்க முடியுமா?

ஒரு தெரு எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய சாலை வேண்டாம். டேப், நோட்டு, இரண்டு பேர். காலை ஆறு, மதியம் மூன்று, இரவு ஒன்பது என்று மூன்று வேளை, ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம் எண்ணுங்கள். ஆண், பெண், குழந்தை, முதியவர், கைத்தடி, சக்கர நாற்காலி, சுமை தூக்குகிறவர், விற்கிறவர், சும்மா நிற்கிறவர் என்று தனித்தனிக் கட்டம் போடுங்கள். பிளாட்பாரத்தை விட்டுச் சாலையில் இறங்குகிற ஒவ்வொரு முறையும் எந்த இடம், என்ன தடை என்று குறியுங்கள். எந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறதோ, அவர்களின் வீட்டுக்குப் போய் ஏன் வெளியே வருவதில்லை என்று கேளுங்கள். என் அனுபவத்தில் பாதி உண்மை அந்தக் கேள்வியில்தான் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் 2022 முதல் நகர்ப்புறங்களில் வார்டு குழுவும், வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையும் இருக்கின்றன. நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் பகுதி சபை கூடும்போது இந்தத் தாள்களோடு போங்கள். "நடைபாதை சரியில்லை" என்று மனு கொடுத்தால் கவுன்சிலர் வாங்கி வைத்துக்கொள்வார். "மருந்துக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் இருக்கிற ஈ.பி. பெட்டியால் பதினைந்து நிமிடத்தில் 42 பேர் சாலையில் இறங்கினார்கள், அதில் 19 குழந்தைகள்" என்கிற மாதிரி உங்கள் எண்ணிக்கையைச் சொல்லி, படத்தையும் காட்டுங்கள். பெட்டியை நகர்த்த எந்தத் துறைக்குக் கடிதம் போகவேண்டும் என்ற பேச்சு அங்கேயே தொடங்கும்.

எண்ணிய தாளின் நகல் ஒன்றைத் தெருமுனையில் பூ விற்கும் அம்மாவிடமும் கொடுங்கள், அதில் அவருடைய கடை எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது என்று படித்துக் காட்டிவிட்டு.